நூற்று அறுபத்தொன்பது புள்ளி

ஏழாவது பலகையும் பொத்தலாகிப் போனது.

கடைசி வரிசையில் மூன்றாவது புள்ளி இறங்கும்போதே ஏகாம்பரத்துக்குச் சத்தத்தில் தெரிந்துவிட்டது. மரத்தைக் குடைகிற சத்தம் ஒன்று, மரத்தைத் தாண்டி அடித்தகட்டை உரசுகிற சத்தம் வேறொன்று. பாய்ந்து மிஷினின் சுவிட்சை அணைத்தான். முனை பலகைக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

"போச்சா?" என்று வனஜா அடுப்படியிலிருந்து கேட்டாள். அந்த வீட்டில் அடுப்படி என்பது நாலடி தள்ளி.

"போச்சு."

"எத்தினியாவது வரிசை?"

"கடைசி."

புளி கரைத்துக்கொண்டிருந்த அவள் கை கொஞ்சம் நின்று, மறுபடி கரைத்தது.

ஏகாம்பரம் ஒக்கலிபுரத்தில் ஒரு பிளைவுட் டிப்போவில் லோடு இறக்குகிறவன். இருபத்தாறு வருடமாக ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே போய், நடந்தே வருகிறான். வனஜா கார்மெண்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தையல் விட்ட இடம், நூல் பிரிந்த இடம் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வான். சர்க்கரை கண்ணுக்கு ஏறிய பிறகு அவள் பார்த்து அனுப்பிய சட்டைகள் திரும்பி வரத் தொடங்கின. வேலை போயிற்று. கண் ஆஸ்பத்திரியில், இருக்கிற பார்வையைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம், போனது வராது என்றார்கள். எத்தனை நாள் என்று ஏகாம்பரம் கேட்டதற்கு, பொங்கல் வரைக்கும் தாங்கினால் நல்லதுதான் என்று டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. பெரிய ஆசை என்று எதையும் கேட்கத் தெரியாதவள் வனஜா. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

ஒவ்வொரு மார்கழியும் அவள் வாசலில் ஒரு சிக்குக்கோலம் போடுவாள். பதினைந்து புள்ளியில் தொடங்கி இரண்டு பக்கமும் குறைந்துகொண்டே போய் எட்டில் நிற்கும் ஊடுபுள்ளி. மொத்தம் நூற்று அறுபத்தொன்பது புள்ளி. கோடு அத்தனையையும் சுற்றிச் சுற்றி வளைந்து போகும். அந்தச் சந்தில் வேறு யாருக்கும் அது வராது. நோட்டைப் பார்த்துப் போட்டவர்கள்கூட நடுவில் வழி தவறி, அழித்துவிட்டுத் தாமரைப்பூ போட்டிருக்கிறார்கள்.

"மரத்துல குழியா வெட்டிக் குடுய்யா. கொஞ்சம் பார்வை இருக்கும்போதே கண்ணால பாத்துகினே வெரலால தடவிப் படிச்சிட்டா, அப்பறம் கண்ணு போனாலும் வெரலு போட்டுரும்" என்றாள்.

கண்ணும் விரலும் சேர்ந்து ஒரு தடவை படிக்க வேண்டும். கண் போய்விட்டால் விரலுக்குச் சொல்லித்தர ஆளில்லை. அதுதான் அவள் கணக்கு. ஏகாம்பரமும் அதையே பிடித்துக்கொண்டான். பார்வையைக் காப்பாற்ற அவனால் ஆகாது. ஒரு பலகையையாவது செய்துவிடலாம்.

மிஷின் அதற்கென்றே வந்த மாதிரி புரட்டாசியில் வந்தது. ராஜாஜிநகரில் கஸ்தூரிரங்கன் என்ற ரிட்டயர்ட் ஆள் வீட்டைக் காலி செய்து மகனோடு மைசூருக்குப் போனார். சாமான் ஏற்றப் போன ஏகாம்பரம் இதைத் தூக்கும்போது, "இது என்னா சார், தையல் மிஷினா?" என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டு, பொழுதுபோக்குக்கு வாங்கியது, மரத்தில் தானாகச் செதுக்கும் என்றார். மேஜைமேல் வைக்கிற அளவுதான். ஒரு மோட்டார் இடம் வலமாக நகர்த்தும், ஒன்று முன்னும் பின்னும் நகர்த்தும், மூன்றாவது மேலும் கீழும். அவன் எதற்குக் கேட்கிறான் என்று தெரிந்ததும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வனஜாவின் கோல நோட்டைப் போனில் படம் எடுத்துப்போய், புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று என்று இரண்டு படமாக ஒரு சின்ன மெமரி கார்டில் ஏற்றியும் கொடுத்தார். கார்டைச் செருகி, பொத்தானை அமுக்கினால் மிஷின் பாட்டுக்கு வேலை செய்யும்.

வந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. வனஜா என்று மூன்று எழுத்தை வெட்டிப் பார்த்தான். எழுத்துக்கு எழுத்து ஒரே ஆழம். புள்ளிப் பலகைதான் இப்படிக் கழுத்தறுத்தது. முதல் வரிசையில் இரண்டு மில்லி ஆழத்துக்குக் குழி அழகாக விழும். வரிசைக்கு வரிசை கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூடும். நடுவில் விரல் நுனி உள்ளே போகும். கடைசி வரிசையில் பலகையே பொத்தல்.

முனை பிடியில் வழுக்குகிறது என்று நினைத்து முதலில் பிடியை இறுக்கினான். ஒரு பலகை போயிற்று. பலகை வளைந்திருக்கிறது என்று வேறு துண்டு கொண்டுவந்தான். அதுவும் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் காலண்டரில் தாளைக் கிழித்து, அதை முனைக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து, தாள் லேசாகப் பிடித்து இழுக்கிற இடத்தில் ஆரம்பத்தை வைக்க வேண்டும். கஸ்தூரிரங்கன் சொல்லிக்கொடுத்த முறை அது. ஐப்பசி ஞாயிற்றுத் தாள்கள் எல்லாம் அப்படியே போய்விட்டன. கார்த்திகையும் முக்கால்வாசி போய்விட்டது.

வாசலில் நிழலாடியது. பக்கத்து வீட்டு வெங்கி. ஆட்டோ ஓட்டுகிறவன்.

"இன்னா மாமா, ஏழாச்சா? நல்ல எடியாப்பத் தட்டு. எங்கம்மாவுக்கு ஒண்ணு எடுத்துகினு போட்டா?"

"போடா, வாயக் கெளறாத."

"தப்பா நெனைக்காத மாமா. போன வாரத்துக்கு இந்த வாரம் இன்னும் ஆழமா போவுது. அடுத்த வாரம் தண்ணி வந்துரும், போர்வெல் போட்ட காசு மிச்சம்."

வனஜா திரும்பாமலே சொன்னாள்: "உன் மீட்டரவிட இது பரவால்ல வெங்கி. இது கீழதான் போவுது."

வெங்கி விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "அத்தே, கடையில ஓட்டை போட்ட கோலத் தட்டு விக்கிது. மாவக் கொட்டுனா அதே விழுந்துரும். எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றான்.

"அது அச்சு" என்றாள் வனஜா. "நான் போடறது கோலம்."

அவன் போன பிறகு ஏகாம்பரம் கஸ்தூரிரங்கனுக்குப் போன் போட்டான். இது எத்தனையாவது போன் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"மோட்டாரையும், முனையை ஏத்தி இறக்கற அந்த நெட்டு ஸ்க்ரூவையும் சேர்க்கற மூட்டு இருக்கே, அது நழுவறதான்னு பார்த்தேளா?" என்றார் அவர்.

"பாத்தேன் சார். நீங்க சொன்னாப்ல ரெண்டுத்துக்கும் சேத்து பேனாவுல கோடு போட்டேன். கோடு அப்டியேதான் கீது."

"எண்ணெய்?"

"தையல் மிஷின் எண்ணெ விட்டேன். அதுக்கப்பறம் இன்னும் மோசம் சார்."

"விசித்திரமா இருக்கே. எங்கிட்ட நாலு வருஷம் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லே. நடுவிலே எதையாவது கழட்டினேளா?"

"ஒண்ணும் கழட்டல சார். ஆயுத பூஜைக்குப் பூ வச்சு பூஜை போட்டோம், அவ்ளோதான்."

"அதுக்குக்கூட கோச்சுண்டுதா பாருங்கோ" என்று சிரித்தார். பிறகு குரல் மாறி, "ஏகாம்பரம், வீட்டிலே அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கு?" என்றார்.

"தெரியுது சார். நெழலாட்டம் தெரியுதுன்றா. ஆனா தெரியுது."

போனை வைத்துவிட்டு மிஷின் முன்னால் குந்தினான். டிப்போவில் ஒதுக்கிய துண்டு இன்னும் ஒன்று இருந்தது. அதையும் பொத்தலாக்கத்தான் போகிறோம் என்று பட்டது. தூக்கிக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டால் என்ன என்று நினைத்தான். போட்டுவிட்டு அவளிடம் என்ன சொல்வது?

மாட்டிக்கொண்டிருந்த முனையை எடுக்க வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டு, மேலே இருக்கிற திருகைக் கையால் திருப்பினான். அதுவரை அவன் அதைக் கையால் திருப்பியதில்லை. பொத்தானைத்தான் அமுக்கியிருக்கிறான். முனை பலகையிலிருந்து கழன்று மேலே வந்தது. சுற்றிக்கொண்டே வந்த திருகு ஓரிடத்தில் கெட்டியாகப் பிடித்தது. கொஞ்சம் அழுத்தினான், நறநறவென்று ஏறியது. கீழே இறக்கிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி இறங்கியது. மறுபடி ஏற்றினான். அதே இடத்தில் அதே பிடிப்பு.

ஏகாம்பரம் கையை எடுக்காமல் அப்படியே இருந்தான்.

மூன்றாவது மாடிக்கு பிளைவுட் சுமந்தவனுக்கு அது தெரியும். இறங்கும்போது கால் தானாகப் போகும். ஏறும்போதுதான் முட்டி பாதிப் படியில் நிற்கும், ஏறிவிட்டோம் என்று மனசு நினைத்திருக்கும், கால் ஏறியிருக்காது. இத்தனை நாளும் முனை ஏன் கீழே போகிறது, ஏன் கீழே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தான். அது கீழே போகவில்லை. மேலே வரவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு மயிரிழை குறைவாக ஏறுகிறது. மிஷினுக்கு அது தெரியாது, முழுக்க ஏறிவிட்டதாக நினைத்து அங்கிருந்து இறங்குகிறது. நூற்று அறுபத்தொன்பது மயிரிழை சேர்ந்தால் ஒரு பலகையின் கனம்.

போனில் டார்ச்சைப் போட்டு இடுக்கில் அடித்தான். நெட்டு ஸ்க்ரூ மோட்டாருக்குப் பின்னால் நிழலில் நின்றது. அதன் மேல்பாதியில், புரிகளுக்கு நடுவில், மரத்தூள் அடையாக அடைந்திருந்தது. இந்தத் தூளைப் போன வாரமும் பார்த்தான், பிரஷ்ஷால் தட்டியும் விட்டான். இப்போது தட்டினால் மேல்தூள் பறந்தது, அடை அசையவில்லை.

"ஒரு ஊக்கு குடும்மே" என்றான்.

வனஜா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அவன் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள். அவன் மிஷினையே பார்த்துக்கொண்டு எட்டி வாங்கினான்.

குத்திக் கிளறியதும் ஒரு சில்லு பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. மேலே எண்ணெய் குடித்த மரத்தூள். உடைத்துப் பார்த்தான். உள்ளே மஞ்சளாக ஒரு படலம், அதன்மேல் சிவப்பு. மூக்கில் வைத்தான்.

சந்தனம். குங்குமம்.

இன்னொரு சில்லு பெரிதாகவே வந்தது. அதில் ஒரு விரல் நுனியின் ரேகை பதிந்து காய்ந்திருந்தது.

ஆயுத பூஜை அன்று டிப்போவில் லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி பிரித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம்தான் அவன் வீட்டுக்கு வந்தான். அதற்குள் வனஜா எல்லாவற்றுக்கும் பூஜை முடித்திருந்தாள். அரிவாள்மணை, அவனுடைய சுத்தி, வெங்கியின் ஆட்டோ. மிஷினுக்குச் சாமந்திப்பூ. "உன் மிஷினுக்கு நடுநெத்தியில பொட்டு வச்சிருக்கேன், பாரு" என்றாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே "சூப்பர்" என்றான். பார்க்கவில்லை.

மிஷினின் முன்னால் கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தட்டு நிற்கிறது. பொட்டு வைக்க அதைவிட வசதியான நெற்றி வேறு கிடையாது. குழந்தைகூடத் தப்பாமல் வைத்துவிடும். அதில் ஒரு புள்ளிச் சிவப்பு இல்லை. நாலு விரல் தள்ளி இருந்த இடுக்கில், தட்டு என்று நினைத்து, சந்தனத்தைக் குழைத்து அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருக்கிறாள்.

சட்டையில் ஒரு நூல் பிரிந்தால் தூரத்திலிருந்து கண்டுபிடித்தவள்.

ஏகாம்பரம் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்திக்கு முன்னால் இடது கை விரல் ஒன்று நகர்ந்து நகர்ந்து வழி பார்த்துக்கொண்டு போயிற்று. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எத்தனை நாளாக நடக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பலகையைக் கொண்டுபோய்க் காட்டும்போதெல்லாம் விரலால் தடவிவிட்டுத்தான் "இங்க சரியா கீது, இங்க ஆழம்" என்பாள். பார்த்துத்தான் சொல்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊக்கின் முனையால் புரி புரியாகச் சுரண்டினான். ஒரு மணி நேரம் ஆயிற்று. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். துணியால் எண்ணெயைத் துடைத்தான். திருகைக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடியது. கடைசித் துண்டை வைத்துக் கட்டி, இன்றைய தாளின் கிழியாத பாதியை நடுவில் வைத்து ஆரம்பத்தைப் பிடித்து, பொத்தானை அமுக்கினான்.

டக். டக். டக். எட்டு புள்ளி. ஒன்பது புள்ளி. அவன் ஆழத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சத்தம் மாறவே இல்லை. கடைசி வரிசையும் முதல் வரிசை மாதிரியே விழுந்தது. கார்டில் இரண்டாவது படத்தைப் போட்டான். முனை புள்ளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடியது. இந்த நாள் வரும்போது சந்தே கேட்கக் கத்த வேண்டும், வெங்கியைக் கூப்பிட்டு மூஞ்சியில் காட்ட வேண்டும் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தான். நாலு மணிக்கு மிஷின் தானாக நின்றது. அவன் எழுந்திருக்கவில்லை.

"நின்னுட்ச்சே. போச்சா?" என்றாள்.

"இல்ல. வந்துட்ச்சு."

"நெசமா? இன்னா கோளாறு?"

"தூசிமே. ஸ்க்ரூல தூசி அடச்சிகினு இருந்துது."

ஊக்கை அவள் கையில் வைத்தான். வளையலில் கோக்கப் போனவள் நின்றாள். கட்டைவிரலால் ஊக்கின் முனையைத் தடவினாள். அதில் ஏதோ பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் போய் இறக்கவில்லை, அவனும் போகவில்லை.

"எங்க வச்சேன்?" என்றாள்.

"எத?"

"பொட்ட."

"நெத்தியிலதான் வச்சிருந்த."

"பொய் சொல்லாதய்யா."

அவன் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். "எப்பத்திலேருந்து?" என்று கேட்டான்.

"ஆவணியிலேருந்து. நடுவுல கருப்பா ஒரு அப்பு அப்புச்சு. அப்பறம் ரெண்டு பக்கமும் போச்சு. வெளிச்சம் இருந்தா இருக்குதுன்னு தெரியும். அவ்ளோதான்."

ஆவணி. மிஷின் வந்தது புரட்டாசியில். ஏகாம்பரம் மனசுக்குள் அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். முதல் பலகை பொத்தலானதற்கு முன்னாலேயே, இந்த மிஷினைத் தோளில் சுமந்து படியேறி வந்ததற்கும் முன்னாலேயே, எல்லாம் முடிந்து போயிருந்தது.

"ஏன்மே சொல்லல?"

"நீ இத்தத் தூக்கியாந்து எறக்கி, வனஜா உன் கண்ணு போறதுக்குள்ள முடிச்சிடுவேன்ன. மூச்சு வாங்கிகினு சொன்ன. அப்போ இன்னான்னு சொல்றது நான்?" என்றாள். பிறகு, "பலகை கெட்டுப்போவ கெட்டுப்போவ நீ பண்ணிகினே இருந்த. நல்லதாப் போச்சுன்னு உட்டுட்டேன். முடியாத வரைக்கும் பாத்துப் படின்னு கேக்க மாட்ட இல்ல?"

அவன் பலகையைத் தூசி தட்டி அவள் மடியில் வைத்தான். முதல் வரிசையில் கையை வைத்தாள். எட்டு. அடுத்தது ஒன்பது. பத்து. விரல் ஒரு குழியிலும் தடுக்கவில்லை. எல்லாம் ஒரே ஆழம். பதினைந்தையும் தாண்டிக் கடைசி எட்டு வரை எண்ணிவிட்டு, "நல்லா செஞ்சிருக்கே" என்றாள். கண்ணில்லாதவள் பாராட்டுகிற மாதிரி இல்லை. செக்கிங்கில் இருந்தவள் சரக்கைப் பார்த்துப் பாஸ் பண்ணுகிற மாதிரி சொன்னாள்.

அப்புறம் கோட்டில் விரலை விட்டாள். முதல் புள்ளியைச் சுற்றிப் போயிற்று. இரண்டாவதைச் சுற்றியது. கோடும் கோடும் குறுக்கே வெட்டுகிற இடத்தில் நின்றது. நாலு பக்கமும் பள்ளம். விரல் ஒரு பக்கம் போய், இல்லை என்று திரும்பி வந்து, இன்னொரு பக்கம் போயிற்று.

ஏகாம்பரம் அவள் விரலைப் பிடித்து நேரே தள்ளினான். "இப்டி."

அவள் கையை உருவிக்கொண்டாள். "வேணாம். நீ தள்ளுனா அது உன் வழி. எனக்கு வராது."

ஆரம்பத்துக்கு வந்து மறுபடி தொடங்கினாள். முதல் புள்ளி. இரண்டாவது புள்ளி. குறுக்கு வெட்டு. இருபத்தைந்து வருடமாக அந்தக் கோலத்தை மிதிக்காமல் தாண்டி வேலைக்குப் போனவன் அவன். அது எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

விரல் மறுபடி அதே இடத்தில் நின்றது.

மார்கழி பிறக்க எட்டு நாள் இருந்தது.